காயாத அச்சு

வார்ப்பட்டறையில் அவருக்குப் பெயர் சபைக்காரர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. முப்பத்தோரு வருஷமாக மண்ணில் அச்சு செய்கிறார். கடைசிப் பத்து வருஷமாகத் தலைமை அச்சுக்காரர். உருகிய இரும்பு மண்ணுக்குள் இறங்கி, ஆறி, சக்கரமாகவோ பம்பு உடம்பாகவோ வெளியே வரும்வரை அந்த மண்ணுக்கு அவர்தான் பொறுப்பு. ஒரு பிடி மண்ணை இறுக்கிப் பிடித்து விரலை விரித்தால் போதும், ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவார். புகை கிடையாது, கெட்ட வார்த்தை கிடையாது, ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வருவது கிடையாது. பட்டறை அவரைக் கொஞ்சம் கேலியும் நிறைய மரியாதையுமாக வைத்திருந்தது.

தம்பி அவருக்கு நேர் எதிர். உலையிலிருந்து இரும்பை வாங்கும் பெரிய வாளி மேலே சங்கிலியில் தொங்கிக்கொண்டு வரும்; அதன் பக்கத்துச் சக்கரத்தைச் சுற்றி, வாளியைச் சாய்த்து, அச்சின் வாய்க்குள் ஊற்றுவது தம்பி வேலை. ஊற்றும்போது விசிலடிப்பான், அதனால் பெயரே விசில் என்றாகிவிட்டது. நாற்பத்திரண்டு வயசாகியும் சீட்டும் சிரிப்பும் விடவில்லை. சபை வாசலைக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் மிதிப்பான்.

பட்டறையின் பின்சுவரை ஒட்டிய வீட்டில் இரண்டு அறைகள். ஒன்றில் தம்பியும் மனைவியும். இன்னொன்றில் சபைக்காரர், மனைவி இறந்து ஒன்பது வருஷம், பிள்ளை குட்டி இல்லை. தம்பி மனைவி ரொட்டித் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் வேலை பார்த்தாள். மூன்று பேருக்கும் அவள்தான் சமைப்பாள், அவள்தான் வைவாள். உலைச் சாம்பல் காலையும் மாலையும் கூரையில் இறங்கும். துவைத்த வெள்ளைத் துணி அந்த வீட்டில் ஒருநாளும் வெள்ளையாகக் காய்ந்ததில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் தம்பி வாக்குவாதம் பட்டறைக்கே ஒரு பொழுதுபோக்கு. தம்பி அவித்த முட்டையை உரித்துக்கொண்டே ஆரம்பிப்பான்.

"அண்ணே, உலகம் உண்டாகறதுக்கு முன்னாலயே பரலோகத்துக்கு யார் உள்ள, யார் வெளியன்னு ஆண்டவர் முடிவு பண்ணிட்டார்னு சொல்றியே, நிஜமாவா?"

"ஆமா. அவர் தேர்ந்தெடுத்தவங்க அப்பவே தெரிஞ்சுகொள்ளப்பட்டவங்க."

"அப்ப எதுக்கு என் உயிரை வாங்கறே? என் பேர் அந்தப் பட்டியல்ல இருந்தா சீட்டாடிக்கிட்டே வந்து சேர்ந்துடுவேன். இல்லன்னா நீ தலைகீழா நின்னாலும் நடக்காது."

"கூப்பிடற வேலையை எங்ககிட்ட குடுத்திருக்கார். வர்றதும் வராததும் உன் பொறுப்பு."

"முடிவு அவரோடது, பொறுப்பு என்னுதா? நல்ல கதையா இருக்கே! ரெண்டும் ஒரே வாயில எப்படி வருது உனக்கு?"

சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள். சபைக்காரருக்கு அதற்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் வராது. "கிண்டல் பண்ணாதடா, நித்தியத்தைப் பத்திப் பேசறோம்" என்று எழுந்து கை கழுவப் போய்விடுவார். ஆனால் தம்பி தன்னோடு சேராமல் போய்விடுவானோ என்ற பயம் அவருக்கு உண்மையான பயம். ராத்திரிச் சோற்றைத் தட்டில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அவர்கள் சபையில் புதன்கிழமை மாலை ஆறு மணிக்கு உபவாச ஜெபம். வாரம் ஒரு வீட்டுக்காரர் எழுந்து, தன் வீட்டில் இன்னும் விசுவாசத்துக்கு வராத ஒருவரைச் சொல்லி ஜெபத்தைத் தொடங்க வேண்டும். சபை முழுதும் அந்த ஓர் ஆளுக்காகவே முழங்கால் போடும். முறை சுற்றி வர மூன்று மாதம் ஆகும். அந்தப் புதன் சபைக்காரரின் முறை.

அதே புதனில்தான் பட்டறையில் பெரிய பம்பு உடம்புக்கு அச்சு. ஆள் நீளம். மத்தியானம் மண்ணைத் தாங்கும் இரும்புப் பெட்டியை மூடி, ஈரம் காயக் காற்றடுப்பின் சூட்டுக்காற்றுக் குழாயை உள்ளே விட்டுவிட்டார்கள். ஏழு மணிவரை ஓட வேண்டும். மண்ணில் ஈரம் தங்கினால் இரும்பு பட்டதும் அது ஆவியாகி, போக வழியில்லாமல் இரும்பையே வெளியே தூக்கி எறியும். இது பட்டறையில் துடைப்பம் பிடிப்பவருக்கும் தெரியும்.

ஆறடிக்க இருபது நிமிஷம் இருக்கும்போது சபைக்காரர் அச்சின் வாய்க்குள் கையை விட்டுப் பார்த்தார். மேலே சூடு. தோள்வரை விட்டு அடி மூலையைத் தொட்டார். அங்கே குளிர்ச்சி. இன்னும் ஒரு மணி நேரம் வேண்டும். காற்றடுப்பை ஆளில்லாமல் ஓடவிடக் கூடாது என்பது சட்டம்; அந்தப் பக்கம் வேறு ஆளில்லை. காலையில் ஆறு மணிக்கே வந்து மறுபடி ஓட விட்டுக்கொள்ளலாம் என்று நினைத்து அடுப்பை அணைத்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். பெட்டியில் அடையாளம் இல்லை என்றால் மேற்பார்வையாளர் ஏன் என்று கேட்பார், ஜெபத்துக்கு முன்னால் அந்தப் பேச்சு எதற்கு என்று சாக்பீஸை எடுத்துப் பெட்டியின் பக்கத்தில் ஒரு வட்டம் போட்டார். காய்ந்தது, ஊற்றலாம் என்று அர்த்தம். அவர் போட்ட வட்டத்தை அந்தப் பட்டறையில் பத்து வருஷமாக யாரும் கேள்வி கேட்டதில்லை.

ஜெபம் நன்றாக நடந்தது. அவர் அழுதார், சபையும் அழுதது. முடிந்தபோது மணி பத்தரை. மறுநாள் காலை கண் விழித்தபோது ஏழேகால்.

ஓட்டமும் நடையுமாகப் பட்டறைக்குள் நுழைந்தார். அன்றைக்கென்று உலையைச் சீக்கிரம் திறந்திருந்தார்கள். வாளி நகர்ந்து வந்து அச்சின் மேல் நின்றிருந்தது. தம்பி சக்கரத்தில் கை வைத்து விசிலடித்துக்கொண்டிருந்தான். இடையில் பத்தடி தூரம். நிறுத்து என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். சபைக்காரர் சத்தம் போடவில்லை. அத்தனை பேர் எதிரில், தன் வட்டம் தப்பு என்று எப்படிக் கத்துவது என்று ஒரு கணம். நேற்று அத்தனை பேர் இவனுக்காக ஜெபித்தார்களே, ஆண்டவர் விட்டுவிடுவாரா என்று அடுத்த கணம். அவர் கண்ணை மூடினார். "ஆண்டவரே, காத்துக்கொள்ளும்" என்றார்.

கண்ணைத் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஆஸ்பத்திரி நாலு மாடிக் கட்டடம். தீக்காய வார்டு மூன்றாவது மாடியில். தம்பிக்குக் கழுத்துக்குக் கீழே தொடைவரை கட்டு. முகம் மட்டும் தப்பியிருந்தது, அதுதான் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. பழைய முகம் அப்படியே இருந்தது. டாக்டர் சபைக்காரரைத் தனியே கூப்பிட்டு, "நாலு நாள், மிஞ்சினா அஞ்சு நாள்" என்றார். தம்பி மனைவி கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. ரொட்டித் தொழிற்சாலைச் சீருடையைக்கூட மாற்றவில்லை. தண்ணீரில் பஞ்சை நனைத்து அவன் உதட்டில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

வெள்ளிக்கிழமை சபைக்காரர் கட்டிலருகே முழங்கால் போட்டார்.

"தம்பி, நேரம் கம்மியா இருக்குடா. இப்பவாவது ஏத்துக்கோ. ஒரு வார்த்தை சொல்லு போதும்."

"யார்கிட்ட சொல்லணும்?" குரல் மெல்லியதாக, ஆனால் தெளிவாக வந்தது.

"ஆண்டவர்கிட்ட."

"அவருக்குத்தான் முன்னாடியே தெரியுமே அண்ணே. நான் சொல்வேனா மாட்டேனான்னு."

"விளையாட்டு வேணாம்டா. உன்னைக் கெஞ்சறேன். இந்த ஒரு விஷயம் உன் கையிலதான் இருக்கு."

தம்பி தன் கட்டுப் போட்ட கைகளைப் பார்த்தான். "என் கையிலயா?" என்று சிரிக்கப் பார்த்து, வலித்ததால் நிறுத்திக்கொண்டான். "நல்ல கையாப் பார்த்துக் குடுத்தார்."

தம்பி மனைவி, "போதும் அத்தான், அவரைப் பேச வைக்காதீங்க" என்றாள். அவள் குரலில் கோபம் இருந்தது. சோர்வு என்று சபைக்காரர் எடுத்துக்கொண்டார்.

அன்று மாலை மேற்பார்வையாளர் ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு வந்தார். கையில் அச்சடித்த படிவம். விபத்துக்குக் காரணம் என்ற இடத்தில் மூன்று கட்டம்: தொழிலாளியின் கவனக்குறைவு, கருவிக் கோளாறு, தெய்வச் செயல்.

"கருவியில கோளாறு இல்ல, பார்த்தாச்சு" என்றார். "உங்க தம்பி வாளியை வேகமாச் சாய்ச்சான்னு ஒருத்தன் சொல்றான். நான் அதை எழுத விரும்பல. சாகப் போறவன் பேர்ல எதுக்குக் கறை? அச்சு காஞ்சிருந்துச்சு, வட்டம் உங்க வட்டம்தான், அதுல சந்தேகமில்ல. அதனால தெய்வச் செயல்னு டிக் போட்டு, தலைமை அச்சுக்காரர்னு கையெழுத்துப் போட்டுடுங்க. திங்கட்கிழமை குடுத்தாப் போதும். யாருக்கும் சங்கடம் இல்ல. நீங்களும் கடவுள் பக்தி உள்ளவர்."

சபைக்காரர் படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நெஞ்சுப் பக்கத்துப் பை. அது அங்கே இருப்பது மூச்சு விடும்போதெல்லாம் தெரிந்தது.

சனிக்கிழமை போதகரைப் பார்க்கப் போனார். போதகருக்கு வார நாட்களில் தையல் வேலை. கழுத்தில் அளவு நாடாவுடன் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்தார். நல்ல மனுஷர், யாரையும் நோகடிக்க மாட்டார். சபைக்காரர் எல்லாவற்றையும் சொன்னார். குளிர்ந்த மூலை, வட்டம், பத்தடி தூரம் எல்லாம்.

போதகர் இயந்திரத்திலிருந்து துணியை எடுத்து மடித்து வைத்தார்.

"பிரதர், ஒண்ணு சொல்றேன் கேளுங்க. கர்த்தருடைய தீர்மானத்தை உங்க கையால கெடுத்துட முடியும்னு நினைக்கிறதே ஒரு பெருமைதான். அவர் அனுமதிக்காம ஒரு தலைமயிரும் விழாது. உங்களைப் போட்டு வதைச்சுக்காதீங்க."

"அப்ப அது அவர் செஞ்சதா ஐயா?"

"அவர் அனுமதிச்சது."

"நான் செஞ்சது?"

"நீங்க செஞ்சதும் அவர் தீர்மானத்துக்கு உள்ளதான்."

"என் தம்பி இப்ப ஏத்துக்கமாட்டேங்கறானே, அதுவும் உள்ளதானா?"

"அதுவும்தான். இன்னும் நேரம் இருக்கு, இழுக்கறது அவர் வேலை."

"அப்படின்னா புதன்கிழமை நான் எதுக்கு ஐயா ஓடி வந்தேன்? ஒரு மணி நேரம் கழிச்சு வந்திருந்தா அவர் இழுக்காம விட்டிருப்பாரா?"

போதகர் கழுத்திலிருந்த அளவு நாடாவைக் கழற்றினார். "ஜெபத்துல கேக்கச் சொன்னதும் அவர்தானே" என்றார் கடைசியில். சொன்னது அவருக்கே போதவில்லை என்று முகத்தில் தெரிந்தது. எழுந்து வந்து சபைக்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டார். "எனக்கும் எல்லாம் தெரியாது பிரதர். ஆனா நீங்க அந்தப் பாரத்தைச் சுமக்க வேண்டியதில்ல."

அந்த ஆறுதல் வீட்டுக்கு வரும்வரை கூட நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மழை. பல வருஷத்தில் முதல் தடவையாக அவர் ஆராதனைக்குப் போகவில்லை. ஒரு சொம்பில் சூப்பை எடுத்துக்கொண்டு நனைந்தபடியே வார்டுக்கு வந்தார். தம்பிக்குக் காய்ச்சல் ஏறியிருந்தது. கண் மட்டும் பளிச்சென்று இருந்தது. மனைவி பஞ்சை மாற்ற எழுந்தாள். அவன், "நீயும் இரு" என்றான்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும்."

"கேளுடா."

"அச்சு காஞ்சிருந்துச்சா?"

வார்டில் எங்கேயோ தட்டு விழுந்தது. ஒரு நர்ஸ் யாரையோ திட்டினாள். சபைக்காரர் சொம்பின் மூடியைத் திறந்தார், மூடினார்.

"வட்டம் போட்டிருந்தேனே."

"வட்டத்தை நானும் பார்த்தேன். காஞ்சிருந்துச்சான்னு கேக்கறேன்."

"தம்பி, இதெல்லாம் நம்ம புத்திக்கு எட்டாதது. அவருக்குச் சித்தமில்லாம எதுவும் நடக்கல. ஏதோ ஒரு காரணத்துக்காகத்தான்..."

தம்பி கூரையைப் பார்த்தான். "அண்ணே, எனக்கு உன் கணக்கு இப்பதான் புரியுது. நான் வராதது என் தப்பு. இது மட்டும் அவர் சித்தம். உன் பக்கம் வந்தா அவர், என் பக்கம் வந்தா நான். அப்படித்தானே?"

"அப்படி இல்லடா..."

"பின்ன எப்படி? சொல்லு, கேட்டுக்கறேன். எனக்கு வேற வேலை என்ன இருக்கு."

சபைக்காரர் சொம்பைக் கட்டிலடியில் வைத்தார். தம்பி கண்ணை மூடிக்கொண்டு, "சரி விடு. பட்டியல்ல என் பேர் இல்லபோல இருக்கு. சூப்பை நீ குடி, நனைஞ்சுட்டு வந்திருக்கே" என்றான்.

அன்று ராத்திரி அவர் தூங்கவில்லை. தான் வாயைத் திறக்காததால்தான் தம்பி வாயைத் திறக்க மறுக்கிறான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எல்லாம் அங்கே முடிவான விஷயம் என்றால், தன் ஒரு பொய் பரலோகத்தின் கதவை அடைக்காது. அப்படி நம்பிக்கொண்டு நிம்மதியாகப் படுக்கலாம். இத்தனை வருஷமும் அதைத்தானே சொல்லிவந்தார்? ஆனால் கொஞ்சமாவது மனுஷன் கையில் இருக்கிறது என்றால், வியாழக்கிழமை தம்பியின் உடம்பைக் கொன்ற சபைக்காரர், ஞாயிற்றுக்கிழமை மிச்சத்தையும் கொன்றுகொண்டிருக்கிறார். இரண்டில் எது உண்மை என்று தெரியும்வரை காத்திருக்க நேரமில்லை. விடிந்ததும் போய் அவன் காலைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். முடிவு செய்தபின் பயம் அதிகமானது, ஆனாலும் மாற்றிக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை காலை ஆறரைக்கு மூன்றாவது மாடி ஏறினார். தம்பி மனைவி வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அவனுடைய செருப்பு, சீப்பு, கைக்கடிகாரம். கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது.

"அஞ்சரைக்குப் போயிட்டார்" என்றாள்.

சபைக்காரர் திரையை நோக்கி ஓரடி வைத்து நின்றார். அவள் அழவில்லை. அழுது முடித்திருந்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னார். 'ஏத்துக்கிட்டேன்னு அண்ணன்கிட்ட சொல்லிடு'ன்னார்."

"என்னம்மா சொல்றே?"

"அதான் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார்."

மூன்று மாதம் காத்திருந்து, சபை முழுதும் முழங்கால் போட்டுக் கேட்ட வார்த்தை. அதைக் கேட்டதும் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். அவர் அவள் பக்கம் குனிந்தார். "மனசாரச் சொன்னானா? இல்ல, நான் நிம்மதியா இருக்கணும்னு சொன்னானா?"

அவள் கைக்கடிகாரத்தின் வாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவர் தரையில் உட்கார்ந்தார்.

"அம்மா, அச்சு காயல. அடி மூலை குளிர்ச்சியா இருந்துச்சு. எனக்குத் தெரியும். ஜெபத்துக்கு நேரமாச்சுன்னு வட்டம் போட்டுட்டேன். காலையில கத்தி நிறுத்தியிருக்கலாம். கத்தல."

"தெரியும்."

"உனக்கா?"

"வியாழக்கிழமையே சொன்னார். அடியில இருந்து குமுறின சத்தத்துலயே தெரிஞ்சுபோச்சாம். அவரும் இருபது வருஷம் இரும்பு ஊத்தினவர்தானே."

"அப்ப ஏன் என்கிட்ட கேட்டான்?"

"நீங்களா சொல்வீங்கன்னு பார்த்தார். மேற்பார்வையாளர்கிட்ட நான் போய்ச் சொல்றேன்னேன். வேணாம்னுட்டார். 'நீ சொன்னா அண்ணன் மாட்டிக்கிட்டதா ஆகும். அவனே சொல்லட்டும், நான் இருக்கற வரைக்கும் பார்க்கறேன்'னார். நேத்து நீங்க போனப்புறம் ராத்திரி பூரா கதவையே பார்த்துக்கிட்டிருந்தார்."

சபைக்காரர் தலையை முழங்காலுக்கு நடுவே கவிழ்த்துக்கொண்டு அழுதார். புதன்கிழமை சபையில் அழுதபோது பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள். இங்கே வராந்தாவைத் துடைக்கிற பெண் மட்டும் அவரைச் சுற்றித் துடைத்துக்கொண்டு போனாள்.

எட்டு மணிக்கு மேற்பார்வையாளர் வந்தார். தொப்பியைக் கழற்றி இரண்டு வார்த்தை வருத்தம் சொன்னார். பிறகு படிவத்தைக் கேட்டார். சபைக்காரர் பையிலிருந்து எடுத்து, முழங்கால் மேல் வைத்துப் பிரித்தார். மூன்று கட்டத்தையும் விட்டுவிட்டு, கீழே காலியாக இருந்த இடத்தில் எழுத ஆரம்பித்தார். கை மெதுவாகத்தான் போனது. புதன்கிழமை எத்தனை மணிக்கு அணைத்தார், மூலையைத் தொட்டபோது எப்படி இருந்தது, வட்டத்தை எப்போது போட்டார், காலையில் எங்கே நின்றார், எதைச் செய்யவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மேற்பார்வையாளர் படித்துவிட்டு நிமிர்ந்தார். "யோசிச்சுத்தான் எழுதினீங்களா? இது போலீஸ் வரைக்கும் போகும். உங்களை உள்ள வைப்பாங்க. தெய்வச் செயல்னு போட்டா முடிஞ்சுபோச்சு. எல்லாம் அவர் செயல்னு நீங்கதானே சொல்வீங்க?"

"சொன்னேன்."

"பின்ன?"

"அவர் செயல் எதுன்னு எனக்குத் தெரியல சார். என் செயல் எதுன்னு தெரியும். அதை எழுதியிருக்கேன்."

மேற்பார்வையாளர் படிவத்தை மடிக்காமலே எடுத்துக்கொண்டு போனார். தம்பி மனைவி பெஞ்சிலிருந்து எழுந்தாள். பொருட்களை ஒரு துணிப்பையில் போட்டாள். சபைக்காரர் அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். தான் எழுதியதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது தெரியும். இனிமேல் கேட்கலாம் என்று தோன்றியது.

"அம்மா, ஒண்ணே ஒண்ணு. நீ பக்கத்துல இருந்தே. அவன் மனசார ஏத்துக்கிட்டானா? எனக்காகச் சொன்னானா? உனக்குத் தெரிஞ்சிருக்கும்."

"தெரியும் அத்தான்" என்றாள். "அவர் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். அதுக்கப்புறம் என்கிட்ட இன்னும் ரெண்டு வார்த்தை சொன்னார். எனக்கு நல்லாத் தெரியும்."

"சொல்லும்மா."

"சொல்ல மாட்டேன்."

"அம்மா..."

"யாரும் என் வாயைக் கட்டல. உங்க ஆண்டவரும் கட்டல. நானாத்தான் சொல்ல மாட்டேங்கறேன்."

துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் படியிறங்கினாள். உடம்பை வாங்கிக்கொள்ளக் கீழே கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.